மலையகத்தில் முதல் காணி வாங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர், ஆறு வருடமாகக் கட்டாரில் வேலை, கையில் 35 லட்சம் சேர்ந்திருக்கிறது. அதைக் காணியில் போட்டு முதலீடு தொடங்க ஆசை. தரகர் இரண்டு இடம் காட்டியிருக்கிறார். ஒன்று பண்டாரவளைக்குக் கிட்ட 15 பேர்ச்சஸ் உறுதிக் காணி, அதாவது உரிமைப் பத்திரம் உள்ள காணி, பேர்ச்சஸ் 2 லட்சம். மற்றது வெலிமடைப் பக்கம் 40 பேர்ச்சஸ் பேர்மிட் காணி, மொத்தமாக 12 லட்சம். ஐந்து வருடத்தில் எது இரட்டிப்பாகும் என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில், "எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காணி வாங்கியதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. விற்க வந்தவர் கையில் விற்பதற்கு என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் 24 வருடமாக நொத்தாரிசு வேலை, அதாவது காணி உறுதி எழுதும் வேலை, பார்க்கிறேன். காணி வாங்கிவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களில், விலை கூடிப்போய்விட்டது என்று வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்ற எல்லாருக்கும் பிரச்சினை ஒன்று பத்திரத்தில் இருந்தது, இல்லாவிட்டால் மலையில் இருந்தது. பத்திரத்தைப் பற்றி உறுதியாகப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது. மலையைப் பற்றி ஓரளவு பேசுவேன். வரப்போகும் விலையைப் பற்றி என் பேச்சும் தரகரின் பேச்சும் ஒரே தரம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் ஆட்களுக்கு உறுதி வாசிக்கும் பழக்கம் வீட்டில் வராததற்குக் காரணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நம் தாத்தாமார் நாடற்றவர்களானார்கள். அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003 வரை ஆனது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் கம்பெனிகளுக்கு வந்தது நிர்வாகம்தான், நிலம் அரசுடையதாகவே இருக்கிறது. அதனால் உங்கள் அப்பா லயத்துக்குப் பின்னால் சொந்தக் காசில் கட்டிய இரண்டு அறையும் சட்டப்படி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாத சொத்து. மற்ற சமூகங்களில் மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த உறுதியில் இது சரியில்லை" என்று சொல்லிக்கொடுப்பார். நமக்கு அந்த மாமா இல்லை. இந்தப் பதிலை அவர் பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெலிமடைக் காணியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குப் பதில் எளிது. வாங்க வேண்டாம். பேர்மிட் என்பது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுக்கும் அனுமதி. அங்கே இருக்கலாம், பயிர் செய்யலாம், ஆனால் சொந்தக்காரர் அரசுதான். அடுத்த படியாக அளிப்புப் பத்திரம் வரும். ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்று ஆட்கள் சொல்வது அதைத்தான். அதைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, மாற்றினால் செல்லாது. பத்திரத்தில் குறித்த அளவுக்குக் கீழே துண்டு போடவும் முடியாது. அப்படியானால் இந்த 12 லட்சத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது என்ன? பெரும்பாலும் ஒரு கடிதம், ஒரு சத்தியக் கடதாசி, இரண்டு சாட்சியின் கையெழுத்து. பேர்மிட்காரர் இறந்ததும் சட்டம் அவருடைய மனைவியையும் அவர் பெயர் குறித்த பின்னுரித்தாளரையும்தான் தேடிப் போகும், உங்களை அல்ல. அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் நல்ல செய்தி சொல்ல முடிந்ததில்லை. மலிவு விலை என்பது அங்கே சலுகை அல்ல, உரிமை இல்லாததன் விலை அது.

பண்டாரவளைக் காணியைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். உறுதிக் காணி என்ற சொல்லில் ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். இந்த நாட்டில் காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு நடக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். ஆனால் நொத்தாரிசு எழுதினார் என்பதால் விற்றவருக்கு உரிமை வந்துவிடாது. இல்லாத உரிமையையும் அழகான எழுத்தில், முத்திரையோடு எழுதிக் கொடுக்கலாம். ஆகவே உறுதியைப் பின்னோக்கி வாசிக்க வேண்டும். இவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று குறைந்தது 30 வருடம் போக வேண்டும், வங்கிகளும் பொதுவாக அவ்வளவு கேட்கும். காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் விற்பனை, ஈடு, வழக்கு, தடை எல்லாம் வரிசையாக இருக்கும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவில் முந்தியவருக்குத்தான் முன்னுரிமை. ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், காசு கொடுத்து, மோசடியில் பங்கில்லாமல் முதலில் பதிந்தவர் ஜெயிப்பார். இதனால்தான் கையெழுத்து வைத்த உறுதியை அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்த லீவில் பதியலாம் என்று இருக்கக் கூடாது. அரசின் பிம்சவிய வேலைத்திட்டத்தில் உரித்துச் சான்றிதழ் கொடுத்து முடித்த காணியாக இருந்தால் இந்த அலைச்சல் வெகுவாகக் குறையும், அதையும் பதிவகத்திலேயே கேளுங்கள்.

அந்தச் சங்கிலியில் மலைநாட்டுக்கே உரிய சில முடிச்சுகள் இருக்கின்றன. முதலாவது, எங்கிருந்து தொடங்குகிறது என்பது. சங்கிலியின் முதல் கண்ணி, "நீண்ட கால ஆட்சியினால் எனக்கு உரித்தான" என்று ஒருவர் தானே எழுதிக்கொண்ட பிரகடன உறுதியாக இருந்தால் நில்லுங்கள். 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 வருட எதிரிடை ஆட்சி, அதாவது சொந்தக்காரரை ஏற்காமல் தனதாகவே வைத்திருப்பது, தனி ஆளுக்கு எதிராக உரிமை தரும், அரசுக்கு எதிராகத் தராது. கண்டிய மாகாணங்களில் சேனை நிலத்தையும் காட்டையும், பத்திரம் காட்டினால் ஒழிய முடிக்குரியதாகவே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் எடுத்துக்கொண்டது. கோப்பித் தோட்டங்கள் வந்த வழியும் அதுதான். அந்தச் சட்டத்தின் நிழல் இன்றும் மலைச்சரிவுக் காணிகளில் விழுகிறது. இரண்டாவது, பழைய தனியார் தோட்டத்தை வெட்டித் துண்டு போட்டு விற்கும் காணிகள். 1972இல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு 50 ஏக்கர் என்று ஆனது. மிச்சம் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போனது. எந்த 50 ஏக்கர் சொந்தக்காரருக்கு என்று தீர்மானித்து வர்த்தமானியில் போட்டார்கள். நீங்கள் வாங்கும் துண்டு அந்த 50க்குள் விழுகிறதா என்று பார்க்காமல் தோட்டத் துண்டு வாங்குவது ஆபத்து. உறுதி எத்தனை தலைமுறை பழையதாக இருந்தாலும் இந்தக் கேள்வி நிற்கும்.

மூன்றாவது முடிச்சு எனக்கே ஆரம்பத்தில் புதிதாக இருந்தது. கண்டிச் சட்டத்துக்கு, அதாவது மலைநாட்டுச் சிங்களவரின் மரபுச் சட்டத்துக்கு, உட்பட்ட ஒருவர் எழுதும் நன்கொடை உறுதியை, அதைத் திரும்பப் பெறும் உரிமையை உறுதியிலேயே கைவிடாவிட்டால், பொதுவாக அவர் தம் வாழ்நாளில் ரத்துச் செய்யலாம். 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. பண்டாரவளைப் பக்கக் கிராமங்களில் தகப்பன் மகனுக்கு நன்கொடையாகக் கொடுத்து, மகன் வெளியாருக்கு விற்கும் சம்பவங்கள் சாதாரணம். தகப்பன் உயிரோடு இருந்தால் அந்த ஒரு வாசகம் உறுதியில் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். பிரிக்கப்படாத பங்கும் அப்படித்தான். "இந்தக் காணியின் எட்டில் ஒரு பங்கு" என்று எழுதியிருந்தால் உங்களுக்கென்று ஒரு மூலை கிடையாது, முழுக் காணியிலும் எட்டில் ஒன்று. மற்றப் பங்காளிகளில் ஒருவர் பிரிவினை வழக்குப் போட்டால் தீர்ப்பு வரும்போது உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்திருக்கும். முதல் காணியாக இதைத் தொடவே தொடாதீர்கள். சோலைவரித் துண்டும் மின்சார பில்லும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் ஆள் அங்கே இருக்கிறார் என்று காட்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்த நானும் 2006இல் ஹட்டனுக்கு வெளியே 18 பேர்ச்சஸ் வாங்கினேன். உரிமைச் சங்கிலி சுத்தம், ஈடு இல்லை, அளவு சரி. ஆனால் பெருவீதியிலிருந்து காணிக்குப் போகும் பாதை பக்கத்துக் காணிக்கு ஊடாகப் போனது. விற்றவர் இருபது வருடமாக அதில் நடந்தவர், "யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்றார், நம்பினேன். உறுதியின் அட்டவணையில், அதாவது காணியை விவரிக்கும் பகுதியில், வழியுரிமை எழுதியிருக்கவில்லை. மூன்று வருடத்தில் பக்கத்துக் காணி கைமாறியது, புதிய சொந்தக்காரர் கம்பி அடித்தார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அவர் உறுதியிலும் என் பாதை இல்லைதான். நான்கு வருடம் அலைந்து, கடைசியில் 10 அடி அகலத் துண்டைக் காசு கொடுத்து வாங்கித்தான் என் காணிக்கு வண்டி போனது. அன்றிலிருந்து யார் உறுதி வந்தாலும் முதலில் அட்டவணையைத்தான் புரட்டுகிறேன். அந்தப் பண்டாரவளைக் காணிக்குப் பாதை எத்தனை அடி, யாருடையது, பிளானில் தனித் துண்டாகக் காட்டியிருக்கிறதா? பிரதேச சபையோ நகர சபையோ அந்தப் பிளானை அங்கீகரித்திருக்கிறதா? அங்கீகாரம் இல்லாத துண்டில் வீடு கட்ட அனுமதி எடுப்பது பெரும் பாடு.

சரி, இனி மலை. பிளானில் 15 பேர்ச்சஸ் என்றால் மேலிருந்து பார்த்த தட்டையான அளவு. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி சொச்சம், ஆக 4,080 சதுர அடிக்குக் கிட்ட. ஆனால் சரிவு கடுமையாக இருந்தால் வீடு வைக்கத் தட்டையாகக் கிடைப்பது அதில் மூன்றில் ஒன்றாகவும் இருக்கலாம், மிச்சத்துக்குத் தாங்கு சுவர் கட்ட வேண்டும். அந்தச் சுவரின் செலவு காணி விலையையே தொட்டதைப் பார்த்திருக்கிறேன். மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும், பதுளையும் நுவரெலியாவும் கண்டியும் அந்தப் பட்டியலில் முன்னுக்கு இருப்பவை. வீடு கட்டும்போது எடுக்கலாம் என்று விடாமல், வாங்கும் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லி விற்பவரைக் கேளுங்கள். அறிக்கை பாதகமாக வந்தால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை உங்களுக்கு நினைவிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாடு முழுக்க நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகும் "இந்த மலை ஒன்றும் செய்யாது" என்று ஒரு தரகர் சொன்னால், அந்த வார்த்தைக்கு மதிப்பு இல்லை.

மண்ணியல் படித்தவன் அல்ல நான், ஆனால் சில அடையாளங்களை அந்த நிறுவனத்து அதிகாரிகளிடமிருந்து கற்றுக்கொண்டேன். நட்ட நேரிலிருந்து சாய்ந்த மரங்கள், சாய்ந்த மின்கம்பம், தரையிலோ அயல் வீட்டுச் சுவரிலோ படிப்படியாக விரியும் வெடிப்பு, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, மழை விட்ட பிறகும் கலங்கலாக வரும் தண்ணீர். ஊற்றையும் கலங்கல் தண்ணீரையும் வெயில் காலத்தில் பார்க்க முடியாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜூன், ஜூலையில் போங்கள், பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் போங்கள். அந்த மலைக்குரிய மழையில் காணியைப் பார்க்க வேண்டும். பண்டாரவளைப் பகுதிக்கு இன்னொரு விஷயம். உமாஓயா நீர்த்திட்டத்தின் சுரங்க வேலையில் 2014இன் இறுதியிலிருந்து கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் நடந்தது. ஆகவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அயலில் நான்கு வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வது எந்த அறிக்கையிலும் இருக்காது.

இனி இரட்டிப்புக் கணக்கு. 15 பேர்ச்சஸ் 30 லட்சம். முத்திரைத் தீர்வை முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம், ஆக 1,19,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், தேடுதல், அளவையாளர் எல்லாம் சேர்த்துச் சுமார் 60,000 என்று வைப்போம், 31 லட்சத்து 80 ஆயிரம் அளவில் வந்து நிற்கும். அதே காசை 8 சதவீத நிலையான வைப்பில் போட்டு வட்டியையும் சேர்த்துக்கொண்டே போனால் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 46 லட்சத்து 70 ஆயிரம். காணி வைப்பை முந்த வேண்டுமானால் பேர்ச்சஸ் 3 லட்சத்து 11 ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். விற்கும்போது தரகுப் பணமும் மூலதன ஆதாய வரியும் அதற்கு மேல். இந்த வரி 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, வீதத்தை விற்கும் வருடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 8 சதவீதம் நான் கணக்குக்கு எடுத்தது, அன்றைய வட்டியைப் போட்டு நீங்களே திரும்பச் செய்து பாருங்கள்.

தாண்டுமா? நேர்மையாகச் சொன்னால் இங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. மத்திய வங்கி காலகாலமாகப் போடும் காணி விலைச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்துக்கானது. மலையகத்தில் விலை ஏறியது என்று சொல்பவர்கள் தரகர்களும் விளம்பரங்களும்தான், கேட்கும் விலைக்கும் கைமாறிய விலைக்கும் நடுவில் பெரிய தூரம். இன்னொன்றையும் நீங்கள் ரியால் சம்பாதிப்பவராக யோசிக்க வேண்டும். 2022க்கு முன் டொலர் 200 ரூபா, அந்த வருடமே 360ஐத் தொட்டது, பிறகு 300ஐ ஒட்டி நின்றது. ரியால் டொலரோடு கட்டியது. அப்படியானால் அந்தக் காலத்தில் ரூபாயில் ஒன்றரை மடங்கு ஆன காணி, உங்கள் ரியால் கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. இரட்டித்தது என்று சொல்லப்படும் பல காணிகளின் கதை இதுதான். எல்ல, நுவரெலியா என்று உல்லாசப் பயணிகளை நம்பி வாங்குவதையும் முதல் காணிக்கு நான் சொல்ல மாட்டேன். 2019 தாக்குதல், 2020 கொரோனா, 2022 எண்ணெய் வரிசை, மூன்று தடவை அறைகள் காலியாகக் கிடந்ததை நாம் பார்த்தோம். கடன் எடுத்துக் கட்டியவர்கள் தாங்கவில்லை.

என் விருப்பம் என்ன என்றால், முதல் காணி ஒரு குடும்பம் உடனே குடியேறக்கூடியதாக இருக்கட்டும். சிறியதாக, 8 அல்லது 10 பேர்ச்சஸ், பொது வீதியைத் தொட்டபடி, குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வாசலில், ஊரில் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கும் இடம். டிக்கோயா ஆஸ்பத்திரித் தாதிகளும், பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியை ஒட்டிய ஆசிரியர்களும், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர்களும் வருடம் முழுக்க அறை தேடுகிறார்கள். இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டால் வருவது பெரிய பணம் இல்லை. ஆனால் அது உண்மையான வருமானம், விற்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசிடம் எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். எழுதிய குத்தகையில் காலம் முடிந்தும் போகாதவரிடமிருந்து வீட்டை மீட்க 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. 35 லட்சத்தையும் மண்ணில் புதைக்காதீர்கள். அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் காணியை அவசரத்தில் விற்க வேண்டி வரும், அவசரத்தில் விற்பவருக்கு மலையகத்தில் பாதி விலைகூடக் கிடைக்காது. பத்து லட்சமாவது வங்கியில் இருக்கட்டும்.

நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் இன்னொன்று. "அண்ணன் பேரில் எழுதிவிட்டு வந்தபிறகு மாற்றலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். உறுதி யார் பேரிலோ காணி அவருடையது. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கடன்பட்டால் கடன்காரன் அந்தக் காணிக்கு வருவான், அவர் இறந்தால் அண்ணியும் பிள்ளைகளும் வாரிசு. உங்கள் பேரிலேயே எழுதுங்கள். யாருக்காவது அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், கொடுக்க நேர்ந்தால் இந்த ஒரு காணிக்கு மட்டும், வாங்குவதற்கு மட்டும் என்று எழுதி, தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதியுங்கள். பொது அற்றோணியில் உங்கள் காணியை விற்கவும் முடியும். காசை வங்கி வழியாகவே அனுப்புங்கள், பின்னாளில் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஆவணம் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். தரகரிடம் பண்டாரவளைக் காணியின் உறுதிப் பிரதியும் பிளானும் கேளுங்கள். முழுப் பக்கமும் வேண்டும், போனில் எடுத்த ஒற்றைப் படம் போதாது. உறுதியின் தலைப்பில் முந்தைய பதிவின் இலக்கம் எழுதியிருக்கும். அதை வைத்து, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு நொத்தாரிசிடம் தேடுதல் செய்யச் சொல்லுங்கள். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம். "முதலில் ஒரு லட்சம் அட்வான்ஸ் போடுங்கள், பத்திரம் பிறகு தருகிறேன்" என்று பதில் வந்தால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள். பிரதி வந்தால், பெயர்களை மறைத்துவிட்டு அட்டவணையை மட்டும் இங்கே எழுதுங்கள், பாதை இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.